அடுக்களைத் தீயும் அடுப்புப் பழக்கங்களும்

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் ஓசூர்ப் பகுதியை ஒட்டி அமைந்திருப்பது ஆனேக்கல் வட்டம். கேழ்வரகு விளையும் மேட்டு நிலமாகவும், பட்டு நெசவாளர் வாழும் ஊராகவும் அறியப்பட்டுவந்த இவ்வட்டத்தில் இன்று பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்ததில் பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள். அச்செய்தியை நாடு முழுவதும் அறிந்தது. ஆனால், அடுக்களையில் மூளும் தீ அவ்வாறு அறியப்படுவதில்லை. அது ஒரு வீட்டில் ஒருவரையோ இருவரையோ பலிகொள்கிறது. பத்திரிகையில் ஒரு மூலையில் நான்கு வரியாக வெளிவந்து மறைகிறது. வீடுதோறும் நாள்தோறும் மூட்டப்படுவது அடுப்புத் தீயே ஆதலின், களப் பணியாளரும் ஆசிரியரும் முதற்கண் கருத்தில் கொள்ளவேண்டியது இதுவேயாகும்.

அடுக்களைத் தீயைப் பற்றி எச்சரிக்கும் துண்டுப் பிரசுரங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை, கவனமாக இருக்கவேண்டும் என்று பெண்களுக்குக் கூறுவதோடு நின்றுவிடுகின்றன. கவனக்குறைவு ஒன்றே காரணமாயின், மிகுந்த கவனமும் நீண்ட அனுபவமும் உள்ள முதியவர்களின் அடுக்களைகளில் தீ விபத்து நேர்வதற்கு நியாயமில்லை. ஆயினும் நேர்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். விறகடுப்பைக் கையாண்ட காலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பழக்கங்கள் அவ்வடுப்புக்கு மிகவும் பொருத்தமானவை, அறிவுடையவை. அடுப்பு மாறி எரிவாயு வந்தபோது அப்பழக்கங்கள் மாறாமல் கூடவே வந்துவிட்டன. பழைய அடுப்பில் காப்பாற்றிய கையே புதிய அடுப்பில் ஆபத்தை விளைவிக்கிறது.

இம்மாறுதல் மிக விரைவில் நிகழ்ந்ததாகும். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ‘இண்டேன்’ எரிவாயுவின் முதல் இணைப்பு 1965ஆம் ஆண்டு கல்கத்தாவில் வழங்கப்பட்டது. அதற்குப்பின் நெடுங்காலம் அது நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பொருளாகவே இருந்துவந்தது. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், புகையில் கண் கலங்கிச் சமைத்துவந்த ஏழைக் குடும்பங்கள் கோடிக்கணக்கில் எரிவாயு அடுப்பைப் பெற்றன. விறகுப் புகையினால் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் விளையும் தீங்கை நோக்க, இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆகவே எரிவாயுவைக் கண்டு அஞ்சுமாறு மக்களுக்குச் சொல்வது தவறாகும். அதன் இயல்பை அறியச் செய்வதே தேவை.

உருளையினுள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்ட இது வெளியே வந்ததும் வாயுவாகி, ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கனமானது. ஆகையால் அது புகையைப்போல மேலே எழும்பிக் கூரை வழியே வெளியேறுவதில்லை. தண்ணீரைப்போலத் தரையில் பரவி, தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கிறது. காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு முதல் 9 பங்கு வரை கலந்திருக்கும்போது மட்டுமே அது தீப்பற்றும். இரண்டு பங்குக்குக் குறைந்தாலும் ஒன்பது பங்குக்கு மிகுந்தாலும் பற்றாது.

இதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 1,000 கன அடி. அதில் நூற்றுக்கு 2 பங்கு என்பது 20 கன அடி வாயு. அதன் எடை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. வீட்டு உருளையில் இருப்பதோ 14.2 கிலோ. அதாவது, உருளையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வாயு கசிந்தாலே அறை முழுவதும் தீப்பற்றக்கூடிய நிலையை அடைந்துவிடும். வாயு தரையோரமே நிற்பதால், கீழ் இரண்டடி உயரம் மட்டும் அந்நிலையை அடைய கால் கிலோ போதும். பெரிய எரிமுகம் ஒன்றைத் திறந்து பற்றவைக்காமல் விட்டுவிட்டால் மணிக்குச் சுமார் 150 கிராம் வாயு வெளிப்படும். இரவு பத்து மணிக்கு அவ்வாறு நேர்ந்தால் விடியற்காலை ஆறு மணிக்குள் வெளிவந்திருக்கும் அளவைப் படிப்பவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். இக்கணக்கு கதவும் சன்னலும் இறுக மூடிய அறைக்கே பொருந்தும் என்பது உண்மை. இடுக்குகளின் வழியே சிறிது வாயு வெளியேறவே செய்யும். ஆனால் ஆனேக்கல் பகுதியில் கதவும் சன்னலும் இறுக மூடப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு.

இவ்வட்டம் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பீடபூமியைச் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். தரையில் பாய் விரித்துப் படுப்போர் கதவடியில் துணியைச் செருகிக் குளிரைத் தடுக்கின்றனர். விறகடுப்புக் காலத்தில் காற்றுத் தடுப்பு என்பது சமையலின் ஒரு பகுதியாகவே இருந்தது. காற்றடித்தால் சுடர் சாயும், தீப்பொறி பறக்கும், கூரை பற்றும். எனவே அடுப்பு மூலையை மறைத்துக் கட்டினார்கள். எரிவாயுவுக்கு வேண்டுவதோ இதற்கு நேர் எதிரானது. தரையோரமாகக் காற்று வந்துபோக வழியிருந்தால் கசிந்த வாயு தேங்காமல் வெளியேறும். உயரத்தில் வைத்த சன்னல் ஒன்று மட்டும் இருந்தால் அதனால் பயன் குறைவு. உயர்ந்த வாசற்படியோ, ஏரிக்கரை நீரைத் தடுப்பதுபோல வாயுவை உள்ளேயே நிறுத்திவைக்கும்.

இவ்வாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளை அதில் மிகச் சிறிதளவு சேர்க்கின்றனர். மூக்கே இங்குக் காவலாளி. ஆனால் உறங்குபவரின் மூக்கு விழித்திருப்பதில்லை. சளி பிடித்தவரின் மூக்கு உணர்வதில்லை. அன்றியும், ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருப்பவருக்கு அந்நாற்றம் தெரியாமற் போகும். வெளியிலிருந்து வருபவர் உணரும் நாற்றத்தை உள்ளே இருப்பவர் மறுப்பதற்கு இதுவே காரணம். அத்தகைய தருணத்தில் வந்தவரின் சொல்லை நம்புவதே தக்கது.

விடியற்காலைப் பழக்கம் ஒன்றை இங்கு விரிவாகக் கருதவேண்டும். முன்னாளில் எழுந்தவர் முதலில் விளக்கேற்றுவார். பிறகே அடுக்களைக்குள் செல்வார். இருட்டில் பூச்சி பொட்டு இருக்கலாம். சாம்பல் மூடிய கங்கு இருக்கலாம். விளக்கு முதலில், அடுப்பு பிறகு என்பது நல்ல பழக்கமே. இன்று விளக்குக்கு மாறாக மின்விசையின் பொத்தானை அழுத்துகிறோம். அழுத்தும்போது பொத்தானுக்குள் ஒரு சிறு பொறி எழுகிறது, அணைக்கும்போதும் எழுகிறது. வாயு நிறைந்த அறையில் அப்பொறி போதுமானது. தீக்குச்சியே கிழிக்கவில்லை, எவ்வாறு தீப்பற்றியது என்று வியப்போர் இதனை அறியாதவர்கள். குளிர்பதனப் பெட்டியோ எவரும் தொடாமலே தானாக இயங்கி நிற்கும்போது பொறியை எழுப்பவல்லது. ஆகவே எரிவாயு உள்ள வீட்டில் வரிசை மாறவேண்டும்: எழுந்ததும் மூக்கு, பிறகு கதவு, அதன் பிறகே விளக்கு. தாழ்ந்த மாடத்தில் குத்துவிளக்கு ஏற்றும் வழக்கமுள்ள வீடுகளில் இது இன்னும் அவசியம்.

மூடிய சிற்றறையும் விடியற்காலையும் எரிவாயுவும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் மதுரை ரயில் நிலையத்தருகே நேர்ந்த விபத்து காட்டியது. உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலிருந்து யாத்திரிகர்களுடன் வந்த தனிப்பட்ட சுற்றுலாப் பெட்டியொன்று நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த எரிவாயு உருளையைக் கொண்டு அதிகாலை ஐந்தேகால் மணியளவில் தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீ மூண்டது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்கள் செய்ய முனைந்தது எந்த வீட்டிலும் காலையில் நடக்கும் காரியமே. அது நடந்த இடம் மட்டுமே வேறு.

அத்தகைய இடங்கள் ஆனேக்கல் வட்டத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோருக்காகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வரிசைகளே அவை. தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, பீகார், அசாம் எனப் பல இடங்களிலிருந்து வந்த ஆண்கள் நால்வர் ஐவராக ஓர் அறையில் தங்குகின்றனர். அதே அறையில் சமையல், அதிலேயே உறக்கம். இங்குள்ள சிக்கலைக் குடும்ப வீட்டின் சிக்கலோடு ஒன்றாகக் கருதலாகாது. குடும்பத்தில் அடுப்புக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. இரவில் அடுக்களையைத் துடைத்து முடிக்கும்போது அவர் கண் தானாகவே அடுப்பின் பக்கம் செல்லும். தொழிலாளர் அறையிலோ முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் சமைத்து உண்டு உறங்குகிறார். இரண்டாம் ஷிப்டிலிருந்து நள்ளிரவில் திரும்பியவர் சோற்றைச் சூடாக்குகிறார். மூன்றாமவர் விடியலில் வந்து விளக்கைப் போடுகிறார். கடைசியாக அடுப்பைத் தொட்டவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. உறங்குவோர் தரையில், அதாவது வாயு தேங்கும் மட்டத்திலேயே, படுத்திருக்கின்றனர்.

இவர்களுள் நிரந்தர முகவரியில்லாதோர் சிறு உருளைகளை நாடுகின்றனர். 5 கிலோ உருளையை முறைப்படி அடையாளச் சான்று காட்டி வாங்க வழியுண்டு. ஆனால் பெரிய உருளையிலிருந்து சிறியதற்குத் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் கடைகளும் உண்டு. இதில் உள்ள ஆபத்து பலருக்கும் தெரியாது. திரவ எரிவாயு வெப்பத்தால் தண்ணீரைவிடப் பன்மடங்கு விரிவடையக் கூடியது. ஆதலின் முறையான நிரப்பு நிலையங்களில் உருளையின் கொள்ளளவில் ஏறக்குறைய 85 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. எஞ்சிய இடம் விரிவதற்கென விடப்படுகிறது. எடை பார்க்காமல் கழுத்துவரை நிரப்பிய உருளை வெயிலிலோ அடுப்பருகிலோ சூடேறினால் திரவம் விரிந்து இடமின்றி உருளையையே பிளந்துவிடும். அதிலும், உருளையின் தலையிலேயே எரிமுகத்தைப் பொருத்தி அதன்மேல் பானையை ஏற்றுவது வழக்கமாயிருக்கிறது. பானையிலிருந்து திரும்பும் வெப்பம் வால்வின் ரப்பர் வளையத்தை நாளடைவில் கெடுக்கும்.

தரையில் குந்திச் சமைப்பதும் பழைய அடுப்பின் பழக்கமே. மண்ணடுப்பு தரையில் இருந்தது, அதில் தவறில்லை. எரிவாயு அடுப்பைத் தரையில் வைத்து, உருளையை அதனருகே நிறுத்தினால், உருளையின் வாயிலிருந்து கசியும் வாயு கீழிறங்கி நேரே சுடரை அடையும். அடுப்பு எப்பொழுதும் உருளையின் தலையைவிட உயரமான மேடையில் இருக்கவேண்டும் என்ற விதியின் காரணம் இதுவே. காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், இடுப்பு வலிக்கிறதென்று இரண்டே வாரத்தில் அடுப்பு தரைக்கு வந்துவிடுகிறது. கிராமங்களில் வெந்நீர் அண்டாவுக்கென விறகடுப்பு இன்னும் எரிகிறது. அதுவும் உருளையும் ஒரே கூரையடியில் இருக்குமாயின், அதிகாலையில் வெந்நீருக்குத் தீ மூட்டுபவர் அடுக்களையின் நாற்றத்தை முதலில் அறிந்தாக வேண்டும்.

அடுப்பை மூட்டும் வரிசையும் தலைகீழாக மாறியிருக்கிறது. விறகடுப்பில் முதலில் விறகை அடுக்கி, பிறகு தீயிட்டனர். எரிவாயுவில் அவ்வாறு செய்தால், அதாவது திருகைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினால், தேடும் நேரமெல்லாம் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். தீயை எரிமுகத்தருகே பிடித்த பின்னரே திருகைத் திறக்கவேண்டும். ஒருமுறை பற்றாவிட்டால் திருகை மூடி, வாயு கலைந்து போகச் சற்றுப் பொறுத்து, மீண்டும் முயலலாம்.

சுடர் தானாக அணைவது மற்றொரு காரணம். பால் பொங்கி வழிவது புதுமனை புகுவிழாவிலும் பொங்கலன்றும் மங்கலம். எரிவாயு அடுப்பின்மேல் அது சுடரை அணைத்து, வாயுவை மட்டும் ஓடவிடும். விறகடுப்பில் பால் பொங்கினால் சாம்பல் நனையும், அவ்வளவே. நம் நாட்டு வீடுகளில் உள்ள அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், சுடர் அணைந்ததும் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு கிடையாது. பருப்பை ஏற்றிச் சிறு தீயில் விட்டுவிட்டு வாசலுக்குச் செல்வோர் இதை நினைவில் வைத்தல் வேண்டும். ஆனேக்கல் போன்ற உயர்ந்த இடத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரமாகும். அடுப்பை விட்டு அகலும் ஆசையும் அதற்கேற்ப வளரும். பிரஷர் குக்கர் இங்கு மிகவும் பயன்படுவது. அதில் உள்ளே சுமார் 120 டிகிரி வரை வெப்பம் ஏறுவதால் பருப்பு விரைவில் வெந்துவிடும். சுடரின்மேல் பொங்கி வழியும் நிலையும் பெரும்பாலும் நேராது. நீராவித் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

இரவுப் பழக்கத்தைப் பற்றியும் இதையே கூறவேண்டும். முன்பு கங்கின்மேல் சாம்பலை மூடிவிட்டு உறங்கினர். மூடுவதற்கு வேறொன்றும் இல்லை. இன்று அடுப்பின் திருகை மட்டும் மூடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். உருளையின் மேலுள்ள ரெகுலேட்டரை மூடினால்தான் ரப்பர் குழாய் வாயுவின்றி நிற்கும். குழாயை எலி கடிக்கும். மடிந்த இடத்தில் வெடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் இளகும். உள்ளே கம்பிவலை பின்னிய, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதன்மேல் துணி சுற்றி அழகுபடுத்துவோர் உண்டு. விரிசல் தெரியாமல் மறைவதே அதனால் கண்ட பயன். கசிவைச் சோதிக்கத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது. சோப்பு நீரை இணைப்புகளில் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். உருளையின் கழுத்துத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஏ’ என்பது மார்ச், ‘பி’ ஜூன், ‘சி’ செப்டம்பர், ‘டி’ டிசம்பர் மாத முடிவைக் குறிக்கும். அக்காலக் கெடு கடந்த உருளையை வாங்காமல் திருப்பியனுப்ப நுகர்வோருக்கு உரிமையுண்டு.

நாற்றம் தெரிந்தால் செய்யவேண்டியவை சில. எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரியும் விளக்கு, ஊதுவத்தி முதலியவற்றை மூட்டக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, உறங்குவோரை எழுப்பி வெளியேற்றவேண்டும். மின்விசிறியைச் சுழலவிட்டு வாயுவை விரட்டலாம் என்பது கொடிய பிழை. வீட்டிலிருந்து விலகிச் சென்ற பிறகு 1906 என்னும் எரிவாயுக் கசிவு உதவி எண்ணை அழைக்கலாம்; தீ மூண்டுவிட்டால் 112.

எண்ணெய்த் தீ வேறு வகையைச் சார்ந்தது. பலகாரம் பொரிப்பதற்கு ஏற்ற வெப்பம் சுமார் 180 டிகிரி. வெப்பம் மேலும் ஏறினால் எண்ணெய் புகையத் தொடங்கும். 350 டிகிரியைக் கடந்தால் சுடர் தொடாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தைய நாள்களில் வாணலியை ஏற்றிவிட்டு மாவு பிசையச் செல்லும் பத்து நிமிடமே இதற்குப் போதும். புகை என்பது எண்ணெய் தரும் முதல் எச்சரிக்கை. அதைக் கண்டவுடன் அடுப்பை அணைத்துவிட்டால் தீயே இல்லை.

பற்றிவிட்டால் கை தானாகவே தண்ணீர்ச் செம்பை நாடுகிறது. விறகுத் தீக்கு அதுவே மருந்தாக இருந்தது. எரியும் எண்ணெயில் விழும் தண்ணீரோ, எண்ணெயைவிடக் கனமாதலால் அடியில் இறங்கி, கணத்தில் நீராவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. அவ்விரிவு எரியும் எண்ணெயைத் துளிதுளியாகக் கூரைவரை வீசியெறியும். வாணலியளவு இருந்த தீ அறையளவு ஆகும். முகமும் மார்பும் வெந்துபோவது பெரும்பாலும் இவ்வாறே. சரியான முறை மிக எளிது: அடுப்பை அணைத்து, வாணலியைவிடப் பெரிய தட்டு ஒன்றைத் தன்பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூடிவிடவேண்டும். பிராணவாயு கிடைக்காமல் தீ அடங்கும். எண்ணெய் ஆறும்வரை தட்டைத் திறக்கலாகாது. வாணலியை வெளியே தூக்கிச்செல்ல முயலவும் கூடாது. பொரிக்கத் தொடங்குமுன் அத்தட்டைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வதைக் கரண்டி எடுப்பதைப்போல வழக்கமாக்கிவிடலாம்.

ஆடையில் தீப்பற்றினால் ஓடுவது இயல்பு. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருளவேண்டும். அருகிலிருப்போர் ஜமக்காளம் அல்லது கம்பளியால் போர்த்தி அணைக்கலாம். நைலான், பாலியெஸ்டர் ஆடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதைப் பிய்க்கலாகாது. வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஓடவிடுவதே சிறந்த முதலுதவி. பற்பசை, பேனா மை, மஞ்சள், பனிக்கட்டி ஆகிய எதுவும் உதவாது. மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் காணமுடியாமல் மறைப்பதே அவற்றின் வேலை.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற் கூடத்தில் தோன்றிய தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி வகுப்பறைகளைச் சூழ்ந்ததில் 94 குழந்தைகள் மாண்டனர். அங்கு எரிந்தது மதிய உணவு சமைத்த அடுப்பு. பள்ளியில் அடுப்பு எரியும் இடத்துக்கும் பிள்ளைகள் அமரும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், என்ன கூரை, எத்தனை வாயில் என்பதை ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் தாமே நடந்து பார்த்தறிவது நலம்.

வகுப்பில் செய்து காட்டத்தக்க ஒரு சோதனையும் உண்டு. உயரமான குவளையொன்றில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவை இட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துக்கொண்டு கரியமிலவாயு உண்டாகும். நுரை அடங்கியபின், திரவம் சிந்தாதபடி குவளையைச் சாய்த்து, எரியும் சிறு மெழுகுவத்தியின்மேல் வெறும் காற்றை ஊற்றுவதுபோல ஊற்றினால் சுடர் அணையும். கண்ணுக்குத் தெரியாத வாயு தண்ணீரைப்போலக் கீழ்நோக்கி ஓடுகிறது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர். கரியமிலவாயு தீயை அணைப்பது. சமையல் எரிவாயு தீயை வளர்ப்பது. கனத்தில் மட்டுமே இவை இரண்டும் ஒத்தவை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் சோதனையை எக்காரணத்தாலும் செய்யலாகாது.

களப் பணியாளர் தொழிலாளர் அறைகளுக்குச் செல்லும்போது சுவரொட்டியால் பெரும்பயன் விளைவதில்லை. ஒரே வரிசையில் ஐந்து மொழி பேசுவோர் இருப்பர். எந்த மொழியில் ஒட்டுவது? சோப்பு நீர்க் கிண்ணம் ஒன்றை எடுத்துச்சென்று, ஷிப்டு மாறும் மாலை நேரத்தில் ஓர் அறையின் உருளையைச் சோதித்துக் காட்டினால் அக்கம்பக்கத்தார் தாமே கூடுவர். குமிழிக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ரெகுலேட்டரை இரவில் மூடும் பொறுப்பை, முறைவைத்து ஒருவருக்கு அவ்வறையினரே ஒப்படைத்துக்கொள்ளச் செய்யலாம். இரவுப் பணிக்குச் செல்பவர் புறப்படும்போது அதை மூடிவிட்டே செல்லவேண்டும் என்பது சில அறைகளுக்குப் பொருந்தும். கடைசியாக வருபவர் என்பது வேறு சில அறைகளுக்குப் பொருந்தும்.

அறையின் சுவர் தொழிலாளருடையதன்று. அதில் துளையிட அவருக்கு உரிமையில்லை. ஆகையால் பிரசாரத்தை வாடகைதாரரோடு நிறுத்திவிடாமல் வீட்டுச் சொந்தக்காரரிடமும் கொண்டுசெல்லவேண்டும். தரையை ஒட்டி, வெளிப்புறச் சுவரில், இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு திறப்பு விடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எலியும் பெருச்சாளியும் நுழையும் என்று அவர் மறுப்பார். மறுப்பில் நியாயமும் உண்டு. அத்திறப்புக்கு வெளிப்புறத்தில் நெருக்கமான கம்பிவலையைப் பொருத்தினால் அக்குறை நீங்கும். பிறகு டிசம்பர் மாதத்தில் ஒருமுறை மீண்டும் சென்று, குளிருக்கு அஞ்சி அதைக் கோணியால் அடைத்துவிட்டார்களா என்று பார்த்து வருதல் வேண்டும்.